எட்டாம் நம்பர் முட்டை

அது என் சேவல் தம்பி. இப்பக் கூவுச்சு பாருங்க, அதான். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நின்னு கூவுது, ஆனா முட்டையை உடைச்சுக்கிட்டு வெளிய வந்தது இந்தக் கொட்டாயில. இருங்க, இன்னொண்ணு கூவும்... ம், கேட்டீங்களா? தொண்டை கட்டின மாதிரி. அது அவ சேவல். ரெண்டும் அங்கயே. நடுவுல கம்பிவலை போட்டுப் பிரிச்சு வச்சிருக்கா. ரெண்டும் காலையிலருந்து வலைக்கு இந்தப் பக்கம் ஒண்ணு அந்தப் பக்கம் ஒண்ணா நின்னு முறைச்சுக்கிட்டே பொழுதைக் கழிக்குது. இங்க என் ஒம்பது கோழிக்கு ஒரு சேவல் கிடையாது. இது எந்த ஊரு நியாயம், நீங்களே சொல்லுங்க.

உக்காருங்க. நின்னுக்கிட்டே இருக்கவா ஃபோந்தனேலருந்து வந்தீங்க? அந்தப் பெட்டியைக் கீழ வைங்க. உமி எல்லாம் போட்டு நல்லாத்தான் கொண்டாந்திருக்கீங்க. உங்க அடைக்கோழி எங்கயும் எந்திரிச்சு ஓடிடாது, அதுக்கு ஒரு உருளைக்கிழங்கை வச்சாலும் மூணு வாரம் உக்காந்திருக்கும். பன்னெண்டு முட்டை, அவ்வளவுதான? தரேன். தரேன்னு சொல்லல, பாக்கலாம்னு சொல்றேன். அதுல ஒரு சங்கடம் இருக்கு. சொல்றேன், இருங்க.

என்ன, மெதுவாப் பேசணுமா? எதுக்கு? என் குரலே இப்படித்தான். அவளா? இருக்கா, அதோ, உருளைக்கிழங்கு நட்டுக்கிட்டிருக்கா, குனிஞ்சிருக்கிறதால தெரியல. கேக்கட்டுமே. அவளுக்குக் காது நல்லாவே கேக்கும். வாய்தான் ஏழு வாரமா வேலை செய்யல.

சொலாஞ்ன்னு பேரு. முப்பத்தொரு வருஷமா பக்கத்து வீடு. அவ வீட்டு உப்பு இங்க, என் வீட்டு வெண்ணெய் அங்க, அப்படி இருந்தோம். கோழியும் அப்படித்தான். ஒரே அடையில பொரிச்ச குஞ்சுங்களை ஆளுக்குப் பாதியாப் பிரிச்சு வளர்க்க ஆரம்பிச்சோம். ஒரே வம்சம், ரெண்டு வீட்டு முத்தம். வருஷா வருஷம் ஜனவரியில சேவலை மட்டும் மாத்திக்குவோம். என் முத்தத்துச் சேவல் அங்க போகும், அவளோடது இங்க வரும். அண்ணன் தங்கச்சியாவே அடைஞ்சு கிடந்தா வம்சம் சோடை போயிடும், அதுக்காக. எந்தச் சேவல்னு எப்படித் தெரியும்னு கேப்பீங்க. சேவல் முட்டை போடாது, எனக்கும் தெரியும். ஆனா எங்க மாரான் கோழி முட்டை கரும்பழுப்பு, சேவல் எந்த முட்டையிலருந்து வந்துச்சோ அந்தக் கருப்பு அதோட பொண்ணுங்க முட்டையில வரும். அதனால முட்டையிலயே பென்சிலால கோடு போட்டு, பொரிச்ச அன்னிக்கே குஞ்சுக்குக் கால்ல அடையாளம் கட்டிடுவோம். எந்தக் குஞ்சு எந்த முட்டைன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். என் பொண்ணு பிறந்த கிழமையை நான் மறந்திருக்கேன், அதைச் சொல்லிக் காட்டியிருக்கா. சேவல் விஷயத்துல மறந்ததில்ல.

இந்த வருஷமும் ஜனவரியில என் சேவலைக் கூடையில வச்சு மூடி நானே தூக்கிக்கிட்டுப் போய் விட்டேன். அவ என்ன சொன்னா, "ஓதெத், என் சேவலையும் கண்காட்சியில வைக்கணும், இப்ப இடம் மாத்தினா இறகை உதிர்த்துக்கும், கண்காட்சி முடிஞ்ச மறுநாள் கொண்டாந்து விடறேன்"னா. நியாயமான பேச்சுதான. நானும் சரின்னேன். ஆனா அதுக்கு முன்னாடியே ஒரு தப்பு பண்ணியிருந்தேன். புதுசுதான் வரப்போகுதேன்னு பழைய சேவலைப் புது வருஷத்துக்கு முன்னாடியே பானையில போட்டுட்டேன். ஒரு பாட்டில் சிவப்பு வைன் ஊத்தி நாலு மணி நேரம் வேகவச்சேன். வேகல. என் பொண்ணு லியோன்லருந்து வந்திருந்தா, தட்டோட ஓரத்துல ஒதுக்கி வச்சுட்டு "வயிறு நிறைஞ்சிடுச்சும்மா"ன்னா. ஒரு வாய்கூடத் திங்கல அவ. வயிறு நிறைஞ்சிடுச்சாம்.

ஆக, ஜனவரியிலருந்து இங்க சேவல் இல்ல. இதுதான் நான் சொன்ன சங்கடம். முட்டை இருக்கு, அதோ பாருங்க, தட்டு நிறைய. நல்ல நிறம், நிற அட்டைப்படி ஆறாம் நம்பர். ஆனா அதைக் கொண்டுபோய் உங்க கோழிக்கு அடியில வச்சா இருபத்தொரு நாள் கழிச்சுப் பன்னெண்டு கூமுட்டை இருக்கும். நாத்தம் ஃபோந்தனே தாண்டிப் போகும். ஆம்லெட் போடறதுன்னா எடுத்துக்கிட்டுப் போங்க, அருமையா வரும்.

வேற சேவல் வாங்கிக்கலாமேன்னு சொல்றீங்க. எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. லூசோன்ல ஒருத்தன் ஒண்ணு காட்டினான். பாக்க ராஜா மாதிரி, கால்ல இறகு, கழுத்துல செம்பு நிறம். எந்த முட்டையில பொரிச்சதுன்னு கேட்டேன். "முட்டையிலதாங்க"ங்கிறான். அதை இங்க விட்டா ரெண்டே வருஷத்துல என் முட்டை கடையில விக்கிற முட்டை மாதிரி வெளுத்துப் போயிடும். என் கோழிங்களுக்கும் வயசு மூணு ஆச்சு. அடுத்த வருஷம் இதுங்க எத்தனை முட்டை போடும், எத்தனை பொரியும்? மே மாசம் தாண்டிப் பொரிச்ச குஞ்சு குளிருக்கு முன்னாடி தேறாது. இப்ப ஏப்ரல். இந்த மாசம் அந்தச் சேவல் வாய்க்காலைத் தாண்டி வரலேன்னா முப்பத்தொரு வருஷம் முடிஞ்சுது, கொட்டாயில வெறகை அடுக்க வேண்டியதுதான். எனக்கு வெறகடுப்புகூடக் கிடையாது.

ஏன் அனுப்பலன்னா... கோவம். அவளுக்குக் கோவம். கண்காட்சியில ஒண்ணு நடந்து போச்சு, அதுக்கு நான் என்ன பண்றது? எல்லாம் அந்த நடுவரால வந்தது. வழக்கமா வர்றவருக்கு முழங்கால்ல ஆபரேஷன். சரி, வேற கோழிக்காரர் யாரையாவது கூப்பிடணுமா இல்லையா? நம்ம சங்கத்துச் செயலாளர் இருக்காரே, பெருஷோன், அவர் தெரிஞ்சவர் ஒருத்தரைப் பிடிச்சுக்கிட்டு வந்தார். அந்த மனுஷன் முயலுக்கு நடுவர் தம்பி. வாழ்க்கை முழுக்க முயல் காதை அளந்துக்கிட்டிருந்தவர். வெள்ளைக் கோட்டை மாட்டிக்கிட்டு, கையில அந்த ஒம்பது நிற அட்டையை வச்சுக்கிட்டு, ஒவ்வொரு தட்டா பாக்கறார். அட்டையைத் தலைகீழாப் பிடிச்சிருந்தார் முதல்ல. நான்தான் திருப்பிக் குடுத்தேன்.

அட்டை தெரியுமில்ல உங்களுக்கு? ஒண்ணு வெளிர், ஒம்பது கருப்பு. நாலுக்குக் கீழ போனா மாரான் கோழின்னு சொல்லிக்கவே கூடாது. எனக்கு ஆறு, சில வருஷம் ஏழு. கண்காட்சியில தட்டுக்கு ஆறு முட்டை வைக்கணும், பதினோரு வருஷமா அதுல நான்தான் முதல். ஜெயிச்ச தட்டை ஒரு வாரம் ரொட்டிக்கடை சன்னல்ல வைப்பாங்க, பேர் எழுதி. ஒரு வாரந்தான். ஞாயித்துக்கிழமை ரொட்டிக்கு வரிசையில நிக்கிற சனமெல்லாம் பாக்கும். எனக்கு அதெல்லாம் பெரிசில்ல. வழக்கமா எட்டு மணிக்குப் போறவ அந்த வாரம் பத்து மணிக்குப் போவேன், அவ்வளவுதான், கூட்டமா இருக்கும்ல.

இந்த வருஷம் சொலாஞ் தட்டு எட்டு. ஆறு முட்டையும் எட்டு. கொஞ்சம் முன்னப்பின்ன இல்ல, ஆறும் ஒரே மாதிரி, நல்லாத் தேய்ச்சுப் பாலிஷ் போட்ட செருப்பு நிறம். அதைப் போட்ட வெடைக்கோழிங்க யாரோட பொண்ணுங்க? போன வருஷம் நான் குடுத்த சேவலோட பொண்ணுங்க. என் முத்தத்துல பொறந்து, என் கையால தீவனம் தின்ன சேவல். அவ அங்க நின்னு எல்லாரும் கை குடுக்கறதை வாங்கிக்கிட்டிருக்கா. வயித்தெரிச்சல்னு நினைக்காதீங்க. எனக்கு வெறும் வயிறு. காலையில சாப்பிடல.

அப்ப யாரோ ஒருத்தர் கேட்டாங்க, "இவ்வளவு கருப்பா இருக்கே, ஈரத்துணியால தொடைச்சுப் பாத்தீங்களா"ன்னு. சும்மா ஒரு பேச்சுக்கு. முயல்காரர் உடனே நிமிர்ந்தார். அதுவரைக்கும் என்ன பண்றதுன்னே தெரியாம நின்னவருக்கு ஒரு வேலை கிடைச்சுது. ஒரு முட்டையை எடுத்து, துணியால அழுத்தித் தேய்ச்சார். துணி பழுப்பாச்சு. முட்டையில வெள்ளைத் திட்டு. "சாயம்"னுட்டார். தட்டை எடுத்துட்டாங்க. அடுத்த தட்டு என்னுது. முதல் பரிசு எனக்கு. நானா கேட்டேன்?

ஏன் அப்படிப் பாக்கறீங்க? அது சாயமில்ல தம்பி, மாரான் முட்டைக்கு நிறம் மேலாப்புலதான் இருக்கும். கோழி கடைசி நேரத்துல பூசி அனுப்பற நிறம் அது, ஓட்டுக்குள்ள ஊறினதில்ல. ஈரமா அழுத்தித் தேய்ச்சா வந்துடும். எவ்வளவு கருப்போ அவ்வளவு வரும். அதனாலதான் நாங்க யாரும் முட்டையைக் கழுவறதில்ல, அழுக்கா இருந்தா காஞ்ச தூரிகையால தட்டிவிடுவோம். சின்னப் பிள்ளைக்குத் தெரியும். முயல்காரருக்குத் தெரியல. நான் அதைத்தான் சொல்றேன், தப்பு அவரோடது.

அங்க இருந்தவங்க ஏன் சொல்லலையா? பாதிப் பேர் சாப்பிடப் போயிட்டாங்க. மிச்சப் பேர் தூரத்துல நின்னாங்க. பக்கத்துல இருந்தது... நான் இருந்தேன். நானும் சொல்லல. அதிர்ச்சியில வாயடைச்சுப் போச்சு. அப்புறம் பரிசு குடுத்தாங்க, அப்பப் போய் எப்படிச் சொல்றது. மறுநாள் சொல்லலாம்னு பெருஷோன் வீட்டுக்குப் போனேன். அவர் இல்ல. இருந்தார், சாப்பிட்டுக்கிட்டிருந்தார். சாப்பிடற மனுஷனைத் தொந்தரவு பண்றது எனக்குப் பிடிக்காது. இன்னொரு நாள் போனேன், அவர் சம்சாரம் ஆட்டுப்பால் சீஸ் கட்டி வேணுமான்னு கேட்டா. வாங்கிக்கிட்டு வந்தேன். நல்ல கட்டி.

யாரு கேட்டதுன்னா? ஈரத்துணியைப் பத்தியா? அதான் சொன்னேனே, யாரோ... நான்தான். சரி, நான்தான் கேட்டேன். கேட்டேன், குத்தம் சொல்லல. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு தம்பி. துணியும் என்னுதுதான். பையில இருந்துச்சு. அந்த நேரத்துல மண்டபத்துல துணிக்கு எங்க போறது, மனுஷன் கையை நீட்டிக்கிட்டு நிக்கறார், குடுத்தேன். உதவி பண்றது தப்பா?

இல்ல, தண்ணியில நனைச்ச துணி இல்ல. வினிகர். தண்ணின்னா நிறம் சீக்கிரம் வராது, ரொம்பத் தேய்க்கணும். வீட்லருந்து கிளம்பும்போதே நனைச்சு, பிளாஸ்டிக் பையில சுத்தி எடுத்துக்கிட்டுப் போனேன். சலாடுக் கிண்ணம் தொடைக்கன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். நான் அன்னிக்கு சலாடு கொண்டு போகல.

இன்னும் ஒண்ணு இருக்கு. சொல்லிடறேன். கண்காட்சிக்கு முதல் நாள் சாயங்காலம் அவ இந்த மேசைக்குத்தான் வந்தா. இருபது முட்டையைக் கொண்டாந்து பரப்பி, "ஓதெத், எனக்குக் கண்ணு முன்ன மாதிரி இல்ல, எந்த ஆறு முட்டைன்னு நீயே எடுத்துக் குடு"ன்னா. நான்தான் எடுத்தேன். சன்னல் வெளிச்சத்துல ஒவ்வொண்ணாத் திருப்பிப் பாத்து, ஆறையும் ஒண்ணு போல பொறுக்கிக் குடுத்தேன். முப்பத்தொரு வருஷத்துல அப்படி ஆறு முட்டையை நான் பாத்ததில்ல. அவ போனதும் மீதி இருந்த காப்பியைக் குடிச்சுட்டு, வினிகர் பாட்டில் எங்க இருக்குன்னு தேடினேன்.

மண்டபத்துல அவ என்ன பண்ணா தெரியுமா? அஞ்சு முட்டை இருந்த தட்டை எடுத்துக்கிட்டா, என்னைப் பாத்தா, போயிட்டா. கத்தியிருக்கலாம். கத்தினா நானும் திருப்பிக் கத்தியிருப்பேன், ரெண்டு நாள்ல சரியாயிருக்கும். பாத்துட்டுப் போறவகிட்ட என்ன பண்றது? அதுலருந்து ராத்திரி சாப்பாட்டுக்குப் பீன்ஸ் வேகவச்சா எப்பவும் போல ரெண்டு பேருக்கு வேகவச்சுடறேன். ஒருத்திக்கு எவ்வளவு போடணும்னு கை பழகவே மாட்டேங்குது. எனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு தம்பி. அதை யார்கிட்ட சொல்றது, சொல்றதுன்னா அவகிட்டதான் சொல்லணும்.

அதனால நீங்க என்ன பண்றீங்க, பெட்டியை எடுத்துக்கிட்டுப் பாலம் வழியா சுத்தி அவ வீட்டுக்குப் போறீங்க. அவ முட்டை பொரியும். ரெண்டு சேவல் இருக்கு, எல்லாம் பொரியும். ஓதெத் அனுப்பினான்னு மட்டும் சொல்லாதீங்க.

என்ன? யார் சொன்னது? அதனாலதான் அவளைத் தாண்டி இங்க வந்தீங்களா? ஃபோந்தனே வரைக்கும் போயிடுச்சா? "வாய்க்காலோரத்துக்காரி முட்டைக்குச் சாயம் பூசறா"ன்னு. சந்தையிலயே பேசறாங்களா. ஓ... ரொட்டிக்கடைக்காரி அவகிட்ட முட்டை வாங்கறதை நிறுத்திட்டான்னு தெரியும். வர்றவங்க எல்லாம் அவ முன்னாடியே முட்டையைத் தொடைச்சுப் பாக்கறாங்கன்னும் கேள்விப்பட்டேன். எச்சி தொட்டுத் தேய்ச்சானாம் ஒருத்தன். ஃபோந்தனே வரைக்கும் போனது எனக்குத் தெரியாது.

இருங்க. எந்திரிக்காதீங்க. ஒரே நிமிஷம்... இதோ வினிகர். இதோ துணி. இது என் முட்டை, இன்னிக்குக் காலையில போட்டது, கோழி பேர்கூடச் சொல்றேன், கிழவி. முதல் பரிசு வாங்கின தட்டுல இருந்ததும் இவ முட்டைதான். பாருங்க, தேய்க்கறேன். நல்லா கிட்ட வந்து பாருங்க. வருதா? பழுப்பா வருதா? என் விரலைப் பாருங்க, உள்ளங்கையைப் பாருங்க. இன்னொண்ணு? இந்தாங்க, இதுவும் வருது. இதுவும். தட்டு முழுக்கத் தேய்க்கறேன், எல்லாம் வரும். எனக்கும் வரும், அவளுக்கும் வரும், எல்லா மாரான் முட்டைக்கும் வரும். அவளுக்கு அதிகமா வந்துச்சு, ஏன்னா அவ முட்டை என் முட்டையை விட நல்ல முட்டை. போதுமா?

என்ன, பின்னாடியே நகர்றீங்க. பெட்டியை ஏன் அப்படி நெஞ்சோட பிடிச்சிருக்கீங்க? "நீங்களுமா"ன்னா என்ன அர்த்தம் தம்பி? இவ்வளவு நேரம் நான் என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்? நாங்க யாருமே பூசறதில்ல, கோழிதான்... தம்பி, அந்தப் பக்கமில்ல, பாலம் இடது பக்கம். நீலக் கதவு வீடு. அது உங்க கார். நீலக் கதவுன்னு சொன்னேன். தம்பி...

போயிட்டான்.

இனி ஃபோந்தனேல ரெண்டு பேர் பேரும் அடிபடும்.

என்ன பாக்கற? நீ எப்ப எந்திரிச்ச? எவ்வளவு நேரமா நிக்கற அங்க? உருளைக்கிழங்கு நட்டாச்சா? ...கேட்டுதா. எதுலருந்து? ...சேவல்லருந்தேவா. வினிகர்? ...ம். காப்பியும் கேட்டுதா. சரி.

திட்டு. ஏழு வாரம் கழிச்சு வாயைத் தொறந்திருக்க, திட்டாம வேற என்ன பண்ணுவ. அந்த வார்த்தை எனக்குப் பொருத்தந்தான். அதுவும் பொருத்தந்தான். அது மட்டும் கொஞ்சம் அதிகம் சொலாஞ், என் அம்மா என்ன பண்ணா இதுல?

இல்ல, சேவலுக்காகச் சொல்லல. சேவலை நீயே வச்சுக்க. ரெண்டையும் வச்சுக்க. நான் கேக்கல.

ரொட்டிக்கடையிலயா? எல்லார் முன்னாடியுமா? வரிசையில நிக்கிற சனம் கேக்கற மாதிரி... சொல்றேன். ஞாயித்துக்கிழமை போறேன், பத்து மணிக்கு, கூட்டமா... இப்பவா? இன்னிக்கு சனிக்கிழமை, அதுவும் கூட்டந்தான், ஆமா. சரி. நீயும் வரியா? வா. நீ வந்தாத்தான் நான் பாதியில ஆட்டுப்பால் கட்டி வாங்கிக்கிட்டுத் திரும்பி வராம இருப்பேன்.

இரு, கையைக் கழுவிக்கிட்டு வந்துடறேன். ரெண்டு கையும் பழுப்பா இருக்கு, இப்படியே எப்படி ஊருக்குள்ள... என்ன? கழுவக் கூடாதா?

சரி. இப்படியே வரேன்.